பழைய சவரக்கத்தி வாங்கப் போறீங்களா? பளபளப்பை விடுங்க, விளிம்பைப் பாருங்க!

ஆன்லைனில் ரெண்டு பழைய சவரக்கத்தி விற்பனைக்கு வந்திருக்குனு வெச்சுக்கோங்க. ஒண்ணு கண்ணாடி மாதிரி மின்னுது. தந்த நிறக் கைப்பிடி, 'அபூர்வ ஆன்டிக்'னு வர்ணனை, அதுக்கேத்த விலை. இன்னொண்ணு கறுத்துப்போய்க் கிடக்கு. முதுகில் துருப்புள்ளி, கைப்பிடியில் கீறல். விலை முதல் கத்தியில் கால்வாசிதான். எதை வாங்குவீங்க?

பெரும்பாலும் விரல் போய்த் தொடுவது முதல் படத்தைத்தான். ஆனால், பழைய கத்திகளோடு பழகியவர்கள் ரெண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: 'விளிம்பை நெருக்கமா ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?'

பழைய சவரக்கத்தியின் தரம் அந்த விளிம்பிலும், அதைத் தாங்கும் முதுகிலும்தான் இருக்கிறது. கம்பெனி பெயர், கைப்பிடி, பெட்டி எல்லாம் அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றிப் பார்த்தால்தான் காசு போகும். சரியான வரிசையில் பார்க்கப் பழகினால், யாரும் சீண்டாத ஒரு கறுத்த கத்திகூட உங்களுக்கு ஐம்பது வருஷம் உழைக்கும்.

எதற்குப் பழசு?

இன்றைக்கு நம்ம ஊர் சலூன்களில் பார்ப்பது பாதி பிளேடு மாட்டும் கத்தி. பார்க்க சவரக்கத்தி மாதிரியே இருந்தாலும், வெட்டுவது என்னவோ ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளேடுதான். நாம் பேசப்போவது அது அல்ல. பிளேடு மாற்றத் தேவையில்லாத, தீட்டித் தீட்டிப் பயன்படுத்தும் ஒரிஜினல் சவரக்கத்தி.

1903-ல் அமெரிக்காவில் ஜில்லெட் கம்பெனி பிளேடு மாற்றும் சேஃப்டி ரேஸரை விற்க ஆரம்பித்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவ வீரர்களுக்கு அதுவே வழங்கப்பட, வீட்டுக்குத் திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு வரை, சொந்தமாக ஷேவ் செய்த ஆண்கள் பெரும்பாலோரிடமும் சவரக்கத்திதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் போட்டி போட்டுக்கொண்டு அவற்றை உலகம் முழுக்க அனுப்பின. அதனால்தான் நல்ல உருக்கில் செய்த கத்திகள் இன்றும் பழைய பெட்டிகளிலும் பரண்களிலும் கிடைக்கின்றன. சோலிங்கனில் இன்று செய்யும் புதுக் கத்தி ஒன்று பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும் என்பதால், பழசுக்கு ஒரு நியாயமான கிராக்கியும் இருக்கிறது.

பாகங்களைத் தெரிஞ்சுக்கோங்க

வெட்டும் கூர்மையான பக்கம் விளிம்பு. அதற்கு எதிர்ப்பக்கம் தடிமனான முதுகு. கத்தியின் வெளி முனை நுனி, கைப்பிடிக்குப் பக்கத்து முனை அடி. அடியைத் தாண்டி விரல் வைக்கும் தண்டு கழுத்து. கம்பெனி முத்திரை பெரும்பாலும் இந்தக் கழுத்தில்தான் இருக்கும். கழுத்தின் முடிவில் வளைந்து நிற்பது வால். கத்தி மடங்கி உள்ளே போகும் இரண்டு தகடுகள் சேர்ந்ததுதான் கைப்பிடி. அவற்றைச் சேர்த்துப் பிடிப்பவை சின்ன ஆணிகள்.

இதில் கைப்பிடி, ஆணி ரெண்டையும் மாற்றலாம். விளிம்பையும் முதுகையும் மாற்ற முடியாது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

சோதனை 1: விளிம்பு

உங்க போனில் மேக்ரோ மோடு இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கோங்க. டார்ச் வெளிச்சத்தை நேராக அடிக்காமல், பக்கவாட்டில் சாய்த்து அடிச்சு, அடியிலிருந்து நுனி வரை மெதுவா பாருங்க. தேட வேண்டியவை மூன்று.

விரிசல்: விளிம்பிலிருந்து மேல்நோக்கி முடி மாதிரி ஒரு கோடு ஓடினால், அந்தக் கத்தியை அப்படியே வெச்சுட்டு வந்துடுங்க. எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி. விரிசல் தீட்டினால் போகாது; ஒருநாள் அந்த இடத்தில் உடையும். அது உங்க கன்னத்தில் இருக்கும்போதுகூட நடக்கலாம். கீறலா, விரிசலா என்று சந்தேகம் வந்தால், மறுபக்கமும் அதே இடத்தில் கோடு தெரிகிறதா என்று பாருங்க. ரெண்டு பக்கமும் தெரிந்தால் விரிசல்தான்.

பல் விழுந்த இடம்: கீழே போட்டாலோ குழாயில் இடித்தாலோ விளிம்பு சின்னதாகப் பெயர்ந்துவிடும். அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் தீட்டியே சரிசெய்யலாம். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனால், அந்த அளவுக்குக் கத்தியின் முழு நீளத்தையும் தேய்த்தாக வேண்டும். வேலையும் அதிகம், கத்தியும் குறுகிவிடும்.

குழித் துரு: முதுகிலோ கழுத்திலோ கறுப்புப் புள்ளிகள் இருந்தால் கவலை வேண்டாம். அது வயசின் அடையாளம். ஆனால், விளிம்பிலிருந்து ஓரிரு மில்லிமீட்டருக்குள் ஊசி குத்திய மாதிரிக் குழிகள் இருந்தால் ஜாக்கிரதை. மேலே சின்னப் புள்ளியாகத் தெரிவது உள்ளே ஆழமாகப் போயிருக்கலாம். தீட்டத் தீட்ட விளிம்பு அந்தக் குழியைத் தொடும். தொட்ட இடத்தில் ரம்பம் மாதிரி ஆகிவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை: விளிம்பை விரலால் தடவிப் பார்க்காதீங்க. மழுங்கியது என்று நினைக்கும் கத்திகூட விரலைத் திறந்துவிடும்.

சோதனை 2: முதுகு

சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது கோணத்தை நம் கைதான் தீர்மானிக்கிறது. சவரக்கத்தியில் அப்படி இல்லை. சாணைக்கல்லில் கத்தியைப் படுக்கவைத்தால் விளிம்பும் முதுகும் ஒன்றாகக் கல்லைத் தொடும். கோணத்தை முதுகின் தடிமனே வைத்துக்கொடுக்கிறது. அதனால் தீட்டும் ஒவ்வொரு முறையும் விளிம்போடு முதுகும் கொஞ்சம் தேயும். முதுகின் ஓரத்தில் தெரியும் தட்டையான பட்டை அந்தத் தேய்மானம்தான்.

பட்டை மெல்லிசா, ரெண்டு பக்கமும் ஒரே அகலத்தில் இருந்தால் கத்தி ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நுனியில் அகலமாகவும் அடியில் ஒன்றுமே இல்லாமலும் இருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ, கத்தி முறுக்கியிருக்கலாம் அல்லது யாரோ தப்பாகத் தீட்டியிருக்கலாம்.

இதை அளந்தும் பார்க்கலாம். வெர்னியர் காலிப்பர் இருந்தால் முதுகின் தடிமனை எடுங்க. அடுத்து, விளிம்பிலிருந்து முதுகின் அந்தப் பட்டை வரை அகலத்தை எடுங்க. தடிமனை அகலத்தால் வகுத்தால் ஏறக்குறைய 0.26-க்கும் 0.31-க்கும் இடையில் வர வேண்டும். அப்போதுதான் விளிம்பின் கோணம் சுமார் 15 முதல் 18 டிகிரி வரை இருக்கும். உதாரணமாக, 16 மில்லிமீட்டர் அகலம், 4.5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 0.28, கோணம் 16 டிகிரி. அருமையான கத்தி! விடை ரொம்பக் குறைந்தால் விளிம்பு மெலிந்து சீக்கிரம் உதிரும். ரொம்பக் கூடினால் தாடியை வெட்டாது, இழுக்கும்.

சோதனை 3: சிரிக்குதா, முகம் சுளிக்குதா?

கத்தியை விளிம்பு கீழே இருக்கும்படி பிடித்து, பக்கவாட்டில் பாருங்க. விளிம்பு நேராக இருந்தால் நல்லது. நடுவில் லேசாக வெளியே வளைந்து, புன்னகை மாதிரி இருந்தாலும் நல்லதுதான். பல பழைய ஷெஃபீல்டு கத்திகள் வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டவை.

நடுவில் உள்ளே குழிந்து, முகம் சுளித்த மாதிரி இருந்தால் பிரச்னை. வருஷக்கணக்கில் நடுப்பகுதியை மட்டுமே அழுத்தித் தீட்டியதால் வருவது அது. தட்டையான கல்லில் வைத்தால் நுனியும் அடியும் மட்டும் கல்லைத் தொடும். நடுப்பகுதி தொடவே தொடாது. நிறைய உருக்கைத் தேய்த்து எடுத்தால்தான் சரியாகும்.

அடுத்து ஒரு கண்ணாடித் துண்டு. அதன் ஓரமாகக் கத்தியை மெதுவாகப் படுக்கவையுங்க. அழுத்த வேண்டாம். கத்தி ஆடுகிறதா? எந்த மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது? ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க. லேசான ஆட்டம் பழைய கத்திகளில் சகஜம். திறமையானவர் தீட்டிவிடுவார். புதுசாகக் கற்றுக்கொள்பவர் என்றால் ஆடாத கத்தியாக எடுங்க.

பளபளப்புக்குப் பின்னால்

இப்போது முதல் படத்துக்கு வருவோம். நூறு வருஷக் கத்தி கண்ணாடி மாதிரி மின்னுகிறது என்றால் ரெண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, யாருமே பயன்படுத்தாமல் எண்ணெய் தடவி வைத்திருந்தார்கள். இன்னொன்று, மோட்டாரில் சுழலும் துணிச் சக்கரத்தில் கொடுத்து மெருகேற்றியிருக்கிறார்கள். இரண்டாவதுதான் அதிகம்.

மெருகேற்றுவது தப்பில்லை. சூடாக்குவதுதான் தப்பு. விளிம்பு காகிதத்தைவிட மெல்லியது. சக்கரத்தில் சில நொடி கூடுதலாக வைத்தாலே சூடேறி, கடினப்படுத்திய உருக்கு இளகிவிடும். 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போனால் நீல நிறம்கூடத் தெரியும். ஆனால், மேலும் மெருகேற்றினால் அந்த நிறமும் மறைந்துவிடும். அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கழுத்தில் உள்ள எழுத்துகளைப் பாருங்க. ஓரங்கள் கூர்மையாக, ஆழமாக இருந்தால் கத்தியை அதிகம் தேய்க்கவில்லை. எழுத்து மங்கி, முனைகள் எல்லாம் சோப்பு கரைந்த மாதிரி வழுவழுப்பாக இருந்தால் நிறைய உருக்கு போயிருக்கிறது. கத்தியின் மேல் தங்கப் பூச்சோ மெல்லிய சித்திர வேலையோ அப்படியே இருந்தால் அது நல்ல சாட்சி. மெருகுச் சக்கரத்தில் முதலில் அழிவது அதுதான்.

கைப்பிடி: அழகும் ஆபத்தும்

பழைய கைப்பிடிகள் பெரும்பாலும் கொம்பு, எலும்பு, மரம், கடின ரப்பர், செல்லுலாய்டு. இதில் செல்லுலாய்டைப் பற்றித் தனியாகத் தெரிஞ்சுக்கணும். 1870-களில் சந்தைக்கு வந்த இந்த ஆரம்பகால பிளாஸ்டிக், தந்தம், ஆமை ஓடு என்று எதை வேண்டுமானாலும் போலி செய்யும். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் கலந்தது. வயசானால் சிலது சிதையும். அப்போது வெளிவரும் வாயு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிக் கத்தியை அரிக்கும்.

அடையாளம் சுலபம். கைப்பிடிக்குள் மறையும் பகுதியில் மட்டும் துரு பிடித்திருக்கும். வெளியே இருக்கும் கழுத்து சுத்தமாக இருக்கும். கைப்பிடியில் சின்னச் சின்ன வெடிப்பு, பிசுபிசுப்பு, புளிப்பான நெடி இருந்தால் உறுதி. அப்படி ஒன்றை மற்ற கத்திகளோடு ஒரே பெட்டியில் மூடி வைத்தால் அவையும் துருப்பிடிக்கும்.

தந்தமா, போலியா என்று பார்க்க ஊசியைச் சூடாக்கிக் குத்திப்பார்க்கச் சொல்வார்கள். செய்யவே செய்யாதீங்க. செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும். கண்ணால் பார்த்தே சொல்லலாம். வரிகள் ரூல் போட்ட மாதிரி ஒரே சீராக ஓடினால் செல்லுலாய்டு. சின்னக் கறுப்புத் துளைகள் இருந்தால் எலும்பு. குறுக்கு வெட்டில் வலை பின்னிய மாதிரிக் கோடுகள் தெரிந்தால் யானைத் தந்தம்.

அது நிஜத் தந்தம் என்றால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி யானைத் தந்தத்தை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஆமை ஓட்டுக்கும் அதே கதிதான். 'ஒரிஜினல் ஐவரி' என்று விளம்பரம் இருந்தால், உண்மையோ பொய்யோ, அந்தப் பக்கம் போகாம இருப்பது நல்லது.

கடைசியா, கத்தியை மெதுவாக மூடிப் பாருங்க. ரெண்டு தகடுக்கும் நடுவில் உட்கார வேண்டும். ஒரு பக்கத்தை உரசினால் விளிம்பு கெடும். ஆணி தளர்ந்திருந்தால் சரிசெய்யலாம், விலையைக் குறைத்துக் கேட்கவும் ஒரு காரணம் கிடைக்கும்.

முத்திரையைப் படிப்பது எப்படி?

இப்போதுதான் பெயருக்கு வருகிறோம். கழுத்தில் உள்ள சில எழுத்துகள் கத்தியின் வயசைச் சொல்லும்.

* 'டபிள்யூ.ஆர்' என்று கிரீட முத்திரை இருந்தால் நான்காம் வில்லியம் காலம்: 1830 முதல் 1837 வரை. 'வி.ஆர்' என்றால் விக்டோரியா மகாராணி: 1837 முதல் 1901 வரை. 'ஜி.ஆர்' மட்டும் குழப்பும். ஜார்ஜ் என்ற பெயரில் மன்னர்கள் 1830-க்கு முன்பும் உண்டு, 1910-க்குப் பிறகும் உண்டு.

* 'இங்கிலாந்து', 'ஜெர்மனி' என்று நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மெக்கின்லி வரிச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பெயர் இல்லை என்பதால் மட்டும் அதற்கு முந்தையது என்று முடிவு கட்டாதீங்க. அமெரிக்காவுக்குப் போகாத கத்திகளும் உண்டு.

* 'மேற்கு ஜெர்மனி' என்றால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது.

* 'ஸ்டெயின்லெஸ்' என்று இருந்தால் விக்டோரியா காலத்துக் கத்தி என்ற பேச்சே இல்லை. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியதே 1913-ல்தான்.

* கத்தியில் அச்சிட்டிருக்கும் வருஷத்தை அப்படியே நம்பாதீங்க. கம்பெனி தொடங்கிய வருஷமாகவோ, கண்காட்சியில் பதக்கம் வாங்கிய வருஷமாகவோ இருக்கலாம்.

* 'சோலிங்கன்' என்ற பெயருக்கு 1938-லிருந்து ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனாலும் போலிகள் வரத்தான் செய்கின்றன. பழைய முத்திரைகள் அச்சால் அடித்து இறக்கியவை. எழுத்தில் ஆழம் இருக்கும். லேசர் எழுத்து மேலோட்டமாக, ஒரே நிறத்தில் தட்டையாக இருக்கும்.

பேர் வாங்கிய ஊர்கள்

ஷெஃபீல்டு என்றால் ஜோசப் ராட்ஜர்ஸ், ஜார்ஜ் வொஸ்டன்ஹோம், வேட் அண்ட் புட்சர். அகலமான, கனமான கத்திகளுக்கு இந்த ஊர். சோலிங்கன் என்றால் இரட்டையர் சின்னம் போட்ட ஹென்கெல்ஸ் (அந்தச் சின்னம் பதிவானது 1731-ல்), மரச் சின்னம் போட்ட போக்கர், 1906-ல் தொடங்கிய டோவோ. மெல்லிசாகக் குடைந்த கத்திகளில் இவர்கள் கில்லாடிகள். ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனாவில் ஹெல்யஸ்ட்ராண்டு, எரிக் ஆன்டன் பெர்க். பிரான்ஸின் தியேர் நகரில் தியேர்-இஸார்ட். ஸ்பெயினின் ஃபிலார்மோனிகாவைச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குவதால் விலையும் ஏறிவிட்டது.

இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கடைக்காரர்கள் பலர் சோலிங்கனிலும் ஷெஃபீல்டிலும் கத்தி செய்யச் சொல்லி, தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள். கேள்விப்படாத பெயர் என்று ஒதுக்கும் கத்தி, பெரிய பட்டறை ஒன்றில் பிறந்ததாக இருக்கலாம். பெயருக்குக் காசு கொடுக்காமல் உருக்குக்கு மட்டும் காசு கொடுக்க இதுதான் வழி.

ஃபாரடேயும் நம்ம ஊர் உருக்கும்

பல ஷெஃபீல்டு கத்திகளில் 'சில்வர் ஸ்டீல்' என்று பொறித்திருக்கும். வெள்ளியா என்று வாயைப் பிளக்காதீங்க. இதன் பின்னணியில் நம்ம பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிச் செய்த எஃகு 'வூட்ஸ்' என்ற பெயரில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் விஞ்ஞானிகளிடம் போனது. கன்னடத்து 'உக்கு', தமிழின் 'உருக்கு' ஆகியவற்றோடு தொடர்புடைய பெயர் அது என்பதே பொதுவான விளக்கம். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819-ல் அதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். பிறகு, கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து உருக்கில் வேறு உலோகங்களைக் கலந்து பார்த்தார். வெள்ளியை 500-ல் ஒரு பங்கு சேர்த்தபோது நல்ல பலன் கிடைத்தது. அப்படிக் கண்டுபிடித்த ஒரு கலவையில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுப்பது வழக்கம்.

அந்தப் புகழை வைத்துத்தான் 'சில்வர் ஸ்டீல்' என்ற சொல் சந்தையில் ஓடியது. முத்திரை இருப்பதால் உள்ளே வெள்ளி இருக்கிறது என்று அர்த்தமில்லை. 'எக்ஸ்ட்ரா', 'பெஸ்ட்', 'வாரண்டட்' போன்ற சொற்களும் அப்படித்தான். அன்றைய விளம்பரம்!

அகலம், குடைவு, நுனி: விலை எங்கே ஏறும்?

சவரக்கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று சொல்வார்கள். 5/8 என்பது சாதாரண அளவு, சுமார் 16 மில்லிமீட்டர். புதியவர்களுக்கு 5/8 அல்லது 6/8 சரி. 7/8, 8/8 என்று போகப்போக விலை ஏறும், ஏனென்றால் அகலமானவை குறைவு. 4/8 அளவில் ஒரு கத்தி வந்தால், பிறக்கும்போதே சின்னதா, தேய்ந்து சின்னதானதா என்று முதுகுப் பட்டையைப் பார்த்து முடிவு பண்ணுங்க.

அடுத்து குடைவு. பழைய கத்திகள் ஆப்பு மாதிரி கனமாக இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரெண்டு பக்கமும் குழிவாகக் குடைந்து மெல்லிசாக்கும் முறை பரவியது. முழுக்கக் குடைந்த கத்தி தாடியில் ஓடும்போது மெல்லிசாக ஒலிக்கும். 'பாடும் கத்தி' என்பார்கள். ஆப்புக் கத்தி அடர்ந்த தாடிக்கு ஏற்றது, ஆனால் தீட்டக் கஷ்டம். முதல் கத்திக்குப் பாதிக் குடைவோ முழுக் குடைவோ நல்லது. நுனி உருண்டையாக இருந்தால் புதியவரின் கன்னத்துக்கும் நல்லது.

சேகரிப்பாளர்கள் தனியாக விலை கொடுப்பது எதற்கு? ஒரிஜினல் பெட்டி, அழியாத சித்திர வேலை, அப்புறம் ஏழு நாள் செட். வாரத்தின் ஒவ்வொரு நாள் பெயரும் முதுகில் பொறித்த ஏழு கத்திகள் ஒரே பெட்டியில் இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் ஏழிலும் முத்திரை, அகலம், கைப்பிடி ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்க. ஏதாவது ஒரு கிழமை தொலைந்து வேறு கத்தி உட்கார்ந்திருந்தால் செட்டின் மதிப்பு நன்றாகவே இறங்கிவிடும்.

விலையைக் கணக்குப் போடுவது எப்படி?

விற்பவர் சொல்லும் தொகை உங்க செலவு இல்லை. அதோடு அனுப்பும் கட்டணம், வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கவரி, தீட்டும் செலவு, கைப்பிடி வேலை, தோல்வார் எல்லாம் சேரும். மொத்தத்தைக் கூட்டுங்க. தீட்டித் தயாராக வரும் ஒரு புதுக் கத்தியின் விலையை அது நெருங்கிவிட்டால், அந்தப் பழைய கத்தியை வாங்க வேறு நல்ல காரணம் வேண்டும்.

'ஷேவ் ரெடி' என்று போட்டிருந்தால் கேளுங்க: யார் தீட்டினது? அதை வைத்து நீங்களே ஷேவ் பண்ணிப் பார்த்தீங்களா? பேப்பரை வெட்டும் வீடியோ அனுப்பினால் அது பதில் இல்லை. பேப்பரைக் காய்கறிக் கத்தியும் வெட்டும்.

ஆன்லைனில் வாங்குறீங்களா? இந்தப் படங்களைக் கேளுங்க

* ரெண்டு பக்கமும் முழு நீளத்தில், சாய்ந்த வெளிச்சத்தில்
* விளிம்பு மட்டும் நெருக்கமாக, அடியிலிருந்து நுனி வரை வீடியோ
* முதுகை நேராக மேலிருந்து. வளைவும் முறுக்கும் அதில் தெரிந்துவிடும்
* கழுத்து முத்திரை, ரெண்டு பக்கமும்
* கைப்பிடிக்குள் மறையும் பகுதி, கத்தியைத் திறந்து வைத்து
* மூடிய நிலையில் மேலிருந்து ஒரு படம்
* அகலமும் முதுகுத் தடிமனும், மில்லிமீட்டரில்

படம் தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

வாங்கின பிறகு

யார் யார் முகத்தில் ஓடியதோ தெரியாது. கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, 70 சதவிகித ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கத்தியைச் சுத்தம் பண்ணுங்க. கைப்பிடியில் ஆல்கஹால் படாமல் பார்த்துக்கோங்க. கொதிக்கும் தண்ணீரில் போடாதீங்க, கைப்பிடி வீணாகும். முழுக்கக் காய்ந்ததும் ஒரு சொட்டு எண்ணெய்.

இன்னொன்று முக்கியம். சாணை பிடிப்பவரிடம் சவரக்கத்தியைக் கொடுக்காதீங்க. அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் சக்கரம் சரி. சவரக்கத்தியின் மெல்லிய விளிம்பு அந்தச் சக்கரத்தில் சில நொடிகளில் சூடேறிக் கெட்டுவிடும். இதற்குத் தட்டையான நுண்ணிய கல்லும் பொறுமையும்தான் வேண்டும். நீங்க கற்றுக்கொள்ளும் வரை, சவரக்கத்தி தீட்டத் தெரிந்தவரிடம் முதல் முறை கொடுத்து வாங்குவது நல்லது. விமானத்தில் கொண்டுவந்தால் கைப்பையில் வைக்காதீங்க, செக்-இன் பெட்டியில் வையுங்க.

வீட்டுப் பரணில் தாத்தா கத்தி கிடக்குதா? உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சுடாதீங்க. அந்தக் கறுப்பு கத்திக்கு ஒரு கெடுதலும் செய்யாது. தேய்த்தால் போகும் முத்திரை திரும்ப வராது. முதலில் துணியால் துடைத்து, போனில் டார்ச்சைப் போட்டு, விளிம்பைப் பாருங்க. விரிசல் இல்லை, குழி இல்லை, முதுகு சீராக இருக்கிறது என்றால், கடையில் தேடிக்கொண்டிருந்த கத்தி ஏற்கெனவே உங்க வீட்டில்தான் இருக்கிறது.